பழைய பிக்கப் டிரக்கின் மைலேஜும் கார்புரேட்டர் தேர்வும்

அமெரிக்காவில் டிரக் என்று சொன்னால் பெரும்பாலும் நாம் அறிந்த லாரி அல்ல. முன்னால் ஓட்டுநர் அறையும் பின்னால் திறந்த சரக்குத் தட்டும் கொண்ட பிக்கப் வண்டியே பொருள். 1960களிலும் 1970களிலும் செவ்ரோலே, ஃபோர்டு, டாட்ஜ் நிறுவனங்கள் கட்டிய இத்தகைய வண்டிகள் பண்ணைகளிலும் சிற்றூர்ச் சாலைகளிலும் இன்றும் ஓடிக்கொண்டிருக்கின்றன. அவற்றை வைத்திருப்பவர்கள் எல்லோரும் ஒருநாள் கேட்கும் கேள்வி, காற்றையும் பெட்ரோலையும் கலந்து எஞ்சினுக்கு அனுப்பும் கருவியான கார்புரேட்டரில் எதை மாட்டினால் மைலேஜ் கூடும் என்பது. கேள்வி நியாயமானதுதான். ஆனால் அதற்கான விடையைப் பெரும்பாலோர் கார்புரேட்டர் பெட்டியின்மேல் அச்சிட்டிருக்கும் கன அடி எண்ணில் தேடுகிறார்கள். கார்புரேட்டர் வழியாக நிமிடத்துக்கு எவ்வளவு காற்று போகக்கூடும் என்பதைச் சொல்லும் அந்த எண், ஆக்சிலேட்டரை அடிவரை மிதித்த நிலைக்கு உரியது. வண்டி தன் வாழ்நாளில் மிகச் சிறு பங்கைத்தான் அந்த நிலையில் கழிக்கிறது. பெட்ரோல் செலவாவது திராட்டில் (ஆக்சிலேட்டரை மிதிக்கும்போது காற்று வழியைத் திறக்கும் தட்டு) சற்றே திறந்திருக்கும் நெடுஞ்சாலை ஓட்டத்தில். கார்புரேட்டரைத் தேர்ந்தெடுக்க வேண்டியதும் அந்த ஓட்டத்தை வைத்தே.

இந்த வண்டிகள் ஏன் இவ்வளவு குடிக்கின்றன என்பதற்கு வரலாற்றில் விடை இருக்கிறது. 1973 அக்டோபரில் அரபு எண்ணெய் நாடுகள் அமெரிக்காவுக்கு ஏற்றுமதியை நிறுத்தும்வரை அங்கே பெட்ரோல் மலிவு. வாங்குபவர் கேட்டது இழுவை, சிக்கனம் அல்ல. 1974 ஜனவரியில் அதிபர் நிக்சன் கையெழுத்திட்ட சட்டம் நாடு முழுவதும் மணிக்கு 55 மைல் என்ற வேக வரம்பைக் கொண்டுவந்தது. கார்கள்மீது விழுந்த கட்டுப்பாடுகள் பிக்கப்புகளைத் தாமதமாகவே எட்டின. 1975இல் ஃபோர்டு எஃப்-150 என்ற மாதிரியை அறிமுகப்படுத்தியதற்கு ஒரு முக்கியக் காரணம், சுமையோடு சேர்ந்த மொத்த எடை 6,000 பவுண்டைத் தாண்டிய வண்டிக்கு அப்போது புகையின் மாசைக் குறைக்கும் வினையூக்கிக் கருவி கட்டாயமில்லை என்பதே. இலகு டிரக்குகளுக்கான மைலேஜ் விதிகள் 1979 மாதிரியிலிருந்துதான் நடைமுறைக்கு வந்தன. ஆகவே நம் கையில் இருக்கும் பழைய வண்டி, சிக்கனத்தை முதற்கவலையாகக் கொள்ளாத ஒரு காலத்தின் பிள்ளை.

இனி ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். கார்புரேட்டர் எதைக் கொடுக்கும், எதைக் கொடுக்காது என்பதை இந்தக் கணக்குத்தான் சொல்லும். 1970களின் செவ்ரோலே சி10 வண்டியில் பரவலாக இருந்த 350 கன அங்குல வி8 எஞ்சினை எடுத்துக்கொள்வோம். நான்கு ஸ்ட்ரோக் எஞ்சின் இரண்டு சுற்றுக்கு ஒருமுறை தன் கொள்ளளவுக் காற்றை இழுக்கிறது. ஆகவே கன அங்குலத்தைச் சுற்று வேகத்தால் பெருக்கி 3,456 ஆல் வகுத்தால் நிமிடத்துக்கு எத்தனை கன அடி என்பது கிடைக்கும். 4,500 சுற்றில் முழுத் திராட்டிலில், சிலிண்டர்கள் எண்பது விழுக்காடு நிரம்புவதாகக் கொண்டால், இந்த எஞ்சினுக்குத் தேவை சுமார் 365 கன அடி. அதே எஞ்சின் மணிக்கு 55 மைலில் 2,000 சுற்றில் சீராக ஓடும்போது, கலவையைச் சிலிண்டர்களுக்குப் பகிரும் குழாயான மேனிஃபோல்டில் 15 அங்குலப் பாதரச அளவு வெற்றிடம் (வெளிக்காற்றைவிட அழுத்தக் குறைவு) இருந்தால், உள்ளே போகும் காற்றின் அடர்த்தி வெளிக்காற்றில் பாதிதான். எண்பது விழுக்காட்டில் பாதி நாற்பது. அப்படியானால் தேவை வெறும் 80 கன அடி.

இந்த 80 கன அடிக் காற்று ஒரு மணி நேரத்தில் ஏறக்குறைய 367 பவுண்டு எடை ஆகிறது. பெட்ரோல் முழுமையாக எரிய ஒரு பங்கு பெட்ரோலுக்கு 14.7 பங்கு காற்று வேண்டும் என்பது வேதியியல் கணக்கு. அதிக ஆற்றல் கிடைப்பது 12.5க்கும் 13க்கும் இடையிலான செறிவான கலவையில். அதிகச் சிக்கனம் கிடைப்பது 15.5ஐ ஒட்டிய மெலிந்த கலவையில். கார்புரேட்டர் 13க்கு ஒன்று என்ற விகிதத்தில் ஊற்றினால் மணிக்குச் சுமார் 4.6 கேலன் போய், கேலனுக்கு 12 மைல்கூட முழுதாகக் கிடைக்காது. 15க்கு ஒன்று என்று கொடுத்தால் செலவு நான்கு கேலனாக இறங்கி, மைலேஜ் ஏறத்தாழ 13.7 ஆகும். நம் அளவில் சொன்னால் லிட்டருக்கு ஐந்து கிலோமீட்டர் என்பது ஆறை நெருங்குகிறது. ஆண்டுக்கு 10,000 மைல் ஓடும் வண்டிக்கு இது சுமார் 110 கேலன் மிச்சம், அதாவது ஏறத்தாழ 415 லிட்டர் பெட்ரோல். அலட்சியப்படுத்தக்கூடிய தொகை அல்ல. அதே வேளையில், கலவையைத் திருத்துவதால் மட்டும் கிடைக்கக்கூடிய ஆதாயத்தின் எல்லையும் இதுதான். வண்டியின் எடை, காற்றுத் தடை, எஞ்சினின் கொள்ளளவு ஆகியவை மாறாமல் இருக்க, எந்தக் கார்புரேட்டரும் இதை இரட்டிப்பாக்காது.

கணக்கில் கிடைத்த 365, 80 என்ற இரண்டு எண்களுக்கும் இடையிலுள்ள தூரத்தில்தான் கார்புரேட்டரின் முழுச் சிக்கலும் அடங்கியிருக்கிறது. காற்று வெஞ்சுரி எனப்படும் குறுகிய கழுத்தின் வழியே விரைந்து பாயும்போது அங்கே அழுத்தம் குறைகிறது. அந்தக் குறைவே ஜெட் என்ற சிறு துளை வழியாகப் பெட்ரோலை மேலே உறிஞ்சுகிறது. இந்த உறிஞ்சல் காற்றின் வேகத்தின் இருபடியைப் பொறுத்தது. 365 கன அடியில் கிடைக்கும் உறிஞ்சல், 80 கன அடியில் இருபதில் ஒரு பங்காகச் சுருங்கிவிடுகிறது. கழுத்து எஞ்சினின் தேவைக்கு மிஞ்சி அகன்றிருந்தால், சாதாரண ஓட்டத்தில் மெயின் ஜெட்டைத் தூண்டும் அளவுக்கு உறிஞ்சல் எழுவதே இல்லை. அப்போது பெட்ரோலின் பெரும்பகுதி, வண்டி நிற்கையில் எஞ்சினை ஓடவைக்கும் ஐடில் வழியிலிருந்தும், திராட்டில் தட்டின் ஓரத்திலுள்ள சிறு பிளவு வழியாகவும்தான் வந்துகொண்டிருக்கும். பெரிய கார்புரேட்டரை மாட்டியவர் மெயின் ஜெட்டை எத்தனை முறை மாற்றினாலும் நெடுஞ்சாலை மைலேஜ் அசையாமல் நிற்பதற்கு இதுவே காரணம்: வண்டி ஓடிக்கொண்டிருப்பது அவர் மாற்றிய ஜெட்டில் அல்ல.

இதைக் கேட்டவுடன் மிகச் சிறிய கார்புரேட்டரே சிக்கனம் என்று தோன்றும். அதுவும் அரை உண்மைதான். சிறிய கழுத்து சமதளத்தில் நன்றாக அளக்கும், பெட்ரோலை நன்றாகத் துகளாக்கும். ஆனால் சுமையோடு மேடு ஏறும்போது எஞ்சினுக்கு மூச்சு முட்டும், கியரைக் குறைத்து அதிகச் சுற்றில் ஓட்ட நேரும். ஒரே கழுத்தால் இரண்டு வேலையையும் செம்மையாகச் செய்ய முடியாது. இதற்கு ஜெனரல் மோட்டார்ஸின் ராச்செஸ்டர் பிரிவு 1965இல் கொண்டுவந்த விடை குவாட்ராஜெட். என் மதிப்பீட்டில், பழைய வி8 டிரக் ஒன்றின் சிக்கனத்துக்கு இதைவிடப் பொருத்தமாக அமைந்த பெருவாரி உற்பத்திக் கார்புரேட்டர் வேறில்லை.

குவாட்ராஜெட்டின் முன்பக்கத்து இரண்டு முதன்மைக் குழல்களின் விட்டம் 1⅜ அங்குலம் மட்டுமே; பின்பக்கத்து இரண்டு துணைக் குழல்களின் விட்டம் 2¼ அங்குலம். முதன்மைக் குழல் ஒவ்வொன்றிலும் ஒன்றுக்குள் ஒன்றாக மூன்று வெஞ்சுரிகள் இருப்பதால் 80 கன அடி போன்ற மெல்லிய காற்றோட்டத்திலும் வலுவான உறிஞ்சல் கிடைக்கிறது. துணைக் குழல்களின்மேல் காற்று தானே தள்ளித் திறக்கும் மடல் இருக்கிறது. எஞ்சின் கேட்கும் அளவுக்கு மட்டுமே அது திறப்பதால், 750 கன அடி என்று குறிக்கப்பட்ட இதைச் சிறிய எஞ்சினில் வைத்தாலும் அளவு மீறிவிடுவதில்லை. பெட்டியின்மேல் உள்ள எண்ணைப் பார்த்து அஞ்சி, சிக்கனத்துக்காக இதைக் கழற்றிவிட்டு 600 கன அடி எண்ணுள்ள, நான்கு குழல்களும் ஏறத்தாழ ஒரே அளவான சமகுழல் கார்புரேட்டரை வாங்குபவர்கள் பலர். அந்த மாற்றத்தால் அவர்கள் பெரும்பாலும் இழக்கவே செய்கிறார்கள், ஏனெனில் புதியதின் முதன்மைக் குழல்கள் பழையதினுடையவற்றைவிட அகலமானவை.

குவாட்ராஜெட்டுக்குக் கெட்ட பெயர் வந்தது அதன் வடிவமைப்பால் அல்ல, வயதால். அடிப்பகுதியில் பெட்ரோல் கிணறுகளை அடைத்திருக்கும் சிறு அடைப்புகள் கசியத் தொடங்கும். திராட்டில் அச்சு தேய்ந்து அதன் ஓரமாகக் கணக்கில்லாத காற்று நுழையும். நுரைப் பிளாஸ்டிக் மிதவை நாளடைவில் பெட்ரோலை ஊறி எடையேறி, அறையில் பெட்ரோல் மட்டத்தை உயர்த்தும். மட்டம் உயர்ந்தால் எல்லா நிலைகளிலும் கலவை செறிந்துவிடும்; மைலேஜ் மெல்ல விழும், ஓட்டுபவருக்குக் காரணம் தெரியாது. புதிய மிதவை, அச்சுக்கு வெண்கலப் புஷ், அடைப்புகளுக்கு ஈப்பாக்சி பூச்சு ஆகியவற்றோடு முறையாகப் பழுதுபார்த்த பழைய கார்புரேட்டர், பொதுப் பயன்பாட்டுக்கெனச் செய்யப்பட்ட புதியதைச் சிக்கனத்தில் வெல்லும் வாய்ப்பே அதிகம், ஏனெனில் அதன் ஜெட்டுகளும் ஊசிகளும் அந்த வண்டிக்காகவே ஆலையில் அளந்து வைக்கப்பட்டவை.

அந்த ஊசிகளைப் பற்றிச் சற்று விரித்துச் சொல்ல வேண்டும். குவாட்ராஜெட்டிலும், கார்ட்டர் ஏஎஃப்பி வழிவந்த எடெல்பிராக் பெர்ஃபார்மர் வகையிலும், மெயின் ஜெட்டின் துளைக்குள் மீட்டரிங் ராடு என்ற ஊசி தொங்குகிறது. அதன் ஒரு பகுதி தடிப்பு, நுனி மெலிவு. சமதளத்தில் மேனிஃபோல்டு வெற்றிடம் வலுவாக இருக்கும்போது ஒரு சிறு பிஸ்டன் ஊசியைக் கீழே இழுத்து, தடித்த பகுதியைத் துளையில் நிறுத்துகிறது; கலவை மெலிகிறது. மேடு ஏறும்போது வெற்றிடம் குறைய, ஸ்பிரிங் ஊசியை மேலே தள்ள, மெலிந்த நுனி துளைக்கு வருகிறது, கலவை செறிகிறது. சிக்கனத்தைத் தீர்மானிப்பவை இரண்டு: தடித்த பகுதிக்கும் துளைக்கும் இடையிலுள்ள வளையப் பரப்பு, எந்த வெற்றிடத்தில் ஸ்பிரிங் வெல்லுகிறது என்ற எல்லை.

இதற்கு எடெல்பிராக் 1405, 1406 என்ற இரட்டையரே சிறந்த பாடம். இரண்டும் 600 கன அடி. முன்னதில் கையால் இழுக்கும் சோக் (குளிர்ந்த எஞ்சினைக் கிளப்பக் காற்றைக் குறைக்கும் மடல்), பின்னதில் மின்சாரச் சோக். கடையில் வித்தியாசம் அவ்வளவுதான் என்று சொல்லிவிடுவார்கள். உள்ளே பார்த்தால் 1405இன் முதன்மை ஜெட் 0.100 அங்குலம், ஊசியின் தடிப்பு 0.070, 1406இன் ஜெட் 0.098, ஊசியின் தடிப்பு 0.075. ஊசி நுனி இரண்டிலும் 0.047. துளையின் பரப்பிலிருந்து ஊசியின் பரப்பைக் கழித்துப் பார்த்தால், சீரான ஓட்டத்தில் 1406இல் பெட்ரோல் புகும் இடைவெளி 1405ஐவிட ஏறத்தாழ 22 விழுக்காடு குறைவு. முழுத் திராட்டிலில் அந்தக் குறைவு வெறும் ஐந்து விழுக்காடு. கன அடி எண் இரண்டுக்கும் ஒன்றே, ஆனால் ஒன்று ஆற்றலுக்காக அளக்கப்பட்டது, மற்றது சிக்கனத்துக்காக அளக்கப்பட்டது. சமகுழல் அமைப்புக்கு ஏற்ற மேனிஃபோல்டு ஏற்கெனவே பொருத்தப்பட்ட வி8 டிரக்குக்குப் புதிதாக வாங்கியே ஆக வேண்டுமென்றால் 1406 தக்க தேர்வு. ஊசியையும் ஸ்பிரிங்கையும் மேலுள்ள ஒரு சிறு மூடியைக் கழற்றியே மாற்றிவிடலாம் என்பது அதன் இன்னொரு நன்மை. ஹோலி வகையில் ஊசிக்குப் பதில் பவர் வால்வு இருக்கிறது, அதன்மேல் 6.5 என்று பொறித்திருந்தால் 6.5 அங்குல வெற்றிடத்தில் அது திறக்கும் என்று பொருள். அதுவும் நல்ல அமைப்புதான், ஆனால் சீரான ஓட்டத்துக்கு மட்டும் கலவையைத் திருத்துவது அதில் இவ்வளவு எளிதல்ல.

இரு குழல் கார்புரேட்டர்களை ஒப்பிடும்போது ஒரு பொறி உண்டு. நான்கு குழல் வகையின் கன அடி எண் 1.5 அங்குலப் பாதரச அழுத்த வேறுபாட்டில் அளக்கப்படுகிறது. ஒரு குழல், இரு குழல் வகைகளின் எண் 3 அங்குலத்தில் அளக்கப்படுகிறது. ஆகவே 500 கன அடி என்று விற்கப்படும் இரு குழல் கார்புரேட்டர், நான்கு குழல் கணக்கில் சுமார் 350தான். ஃபோர்டு வண்டிகளில் வந்த மோட்டார்கிராஃப்ட் 2100, 2150 வகைகள் எளிமையானவை, நம்பகமானவை. அவற்றின் பக்கவாட்டில் ஒரு வட்டத்துக்குள் வார்த்திருக்கும் எண் வெஞ்சுரியின் விட்டத்தைச் சொல்லும். 1.08 என்றால் 287 கன அடி, 1.21 என்றால் 351. பழைய ஜீப்புகளின் 258 கன அங்குல ஆறு சிலிண்டர் எஞ்சினில் கார்ட்டர் பிபிடி என்ற கார்புரேட்டரைக் கழற்றிவிட்டு 1.08 வகையை மாட்டுவது பல்லாண்டுகளாகப் பலர் செய்துவரும் மாற்றம். அளவு பொருந்தியதே அது நிலைத்ததற்குக் காரணம்.

ஆறு சிலிண்டர் வரிசை எஞ்சினில் கார்புரேட்டரைவிட மேனிஃபோல்டே பெரிய சிக்கல். 1965 முதல் 1996 வரை உற்பத்தியான ஃபோர்டின் 300 கன அங்குல எஞ்சினில், கார்புரேட்டர் இல்லாமல் எரிபொருளைப் பீச்சும் (ஃபியூயல் இன்ஜெக்‌ஷன்) முறை வரும்வரை, பெரும்பாலும் நடுவில் ஒரே ஒரு குழல் கார்புரேட்டர்தான் இருந்தது. நடுச் சிலிண்டர்களுக்குக் கலவை உடனே போய்ச் சேர்கிறது, ஓரத்துச் சிலிண்டர்களுக்கு நெடுந்தூரம் பயணப்பட்டுச் சேர்கிறது. வழியில் பெட்ரோல் துளிகள் சுவரில் படிந்துவிடும். ஆறில் மிக மெலிந்த கலவை பெறும் சிலிண்டர் எரியத் தவறாமலிருக்க வேண்டுமானால் மற்ற ஐந்துக்கும் தேவைக்கு மேல் ஊற்றியே ஆக வேண்டும். மேனிஃபோல்டின் அடியைப் புகைபோக்கிச் சூட்டில் வைத்தது இந்தப் படிதலைத் தடுக்கத்தான். தனிக் குழாய்ப் புகைபோக்கி மாட்டுபவர்கள் இந்தச் சூட்டை அறியாமல் துண்டித்துவிட்டு, குளிர்காலத்தில் கார்புரேட்டரைக் குறை சொல்கிறார்கள்.

1981க்குப் பிந்திய வண்டி என்றால் முற்றிலும் வேறு எச்சரிக்கை தேவை. அந்த ஆண்டு முதல் ஜெனரல் மோட்டார்ஸ் கார்களில் பரவலாகி, பிறகு டிரக்குகளுக்கும் வந்த கணினிக் கட்டுப்பாட்டுக் குவாட்ராஜெட்டில், புகையிலுள்ள ஆக்சிஜனை உணரும் கருவியின் சொல்படி சொலினாய்டு என்ற மின்காந்தக் கருவி நொடிக்குப் பத்து முறை ஊசியை ஏற்றி இறக்குகிறது. அந்த முறை பழுதின்றி இயங்கினால் கையால் செய்யும் எந்தத் திருத்தமும் அதற்கு ஈடாகாது. அதைப் பிடுங்கி எளிய கார்புரேட்டரை மாட்டுபவர், பற்றவைப்பு நேரத்தையும் அதே கணினிதான் ஆள்கிறது என்பதை மறந்துவிடக் கூடாது. பொறியைப் பகிரும் டிஸ்ட்ரிபியூட்டரையும், வெற்றிடத்தால் பொறியின் நேரத்தை முன்தள்ளும் அமைப்பு உள்ளதாக மாற்றாவிட்டால் மைலேஜ் கூடாது, இறங்கும். மாசுக் கட்டுப்பாட்டு ஆண்டுகளின் வண்டியில் கார்புரேட்டரை மாற்றுவது சட்டத்துக்கும் உட்பட்ட செயல். 1975 வரையிலான பெட்ரோல் வண்டிகளுக்குக் கலிஃபோர்னியாவில் காலமுறைப் புகைச் சோதனை இல்லை, அதற்குப் பிந்தியவற்றுக்கு உண்டு.

பற்றவைப்பு பற்றிய இந்தக் குறிப்பு எல்லாக் காலத்து வண்டிகளுக்கும் பொருந்தும். மெலிந்த கலவை மெதுவாக எரியும். ஆகவே பொறி முன்னதாகவே விழ வேண்டும். அந்த வேலையைச் செய்யும் வெற்றிட டயஃப்ரம் கிழிந்திருந்தாலோ அதன் குழாய் கழன்றிருந்தாலோ, எந்தக் கார்புரேட்டராலும் சிக்கனம் தர முடியாது. பாதி மூடியே நிற்கும் சோக்கும் இதே போன்ற திருடன். புதியதற்குப் பணம் கொடுக்கும் முன் இவ்விரண்டையும், ஸ்பார்க் பிளக்குகளையும், மேனிஃபோல்டில் காற்று கசிகிறதா என்பதையும் பார்ப்பது கடமை.

இன்றைய அமெரிக்கப் பெட்ரோலில் பத்து விழுக்காடு எத்தனால் கலந்திருப்பதும் கணக்கில் சேரும். அந்தக் கலவையின் ஆற்றல் சுமார் மூன்று விழுக்காடு குறைவு. எத்தனாலில் ஆக்சிஜன் இருப்பதால் முழு எரிதலுக்கான விகிதம் 14.7இலிருந்து 14.1ஐ ஒட்டி இறங்குகிறது. 1970களின் இறுதியில் ஏற்கெனவே மெலிய அமைக்கப்பட்ட கார்புரேட்டர் இன்று இன்னும் மெலிந்து, சீரான வேகத்தில் வண்டி உந்தி உந்திப் போகும். அங்கே மைலேஜுக்காகக் கலவையைச் சற்றுச் செறிவாக்க வேண்டியிருக்கும். உயரம் எதிர்த்திசையில் வேலை செய்கிறது: கடல் மட்டத்திலிருந்து ஒரு மைல் உயரத்திலுள்ள டென்வரில் காற்றின் அடர்த்தி ஏறத்தாழ 15 விழுக்காடு குறைவு என்பதால், கடலோரத்துக்கு அளந்த ஜெட்டுகள் அங்கே கலவையை எட்டு விழுக்காடு வரை செறிவாக்கிவிடும்.

கேலனுக்கு 200 மைல் தரும் கார்புரேட்டரை எண்ணெய் நிறுவனங்கள் மறைத்துவிட்டன என்ற பேச்சு 1930களில் கனடாவின் சார்ல்ஸ் நெல்சன் போக் பெற்ற காப்புரிமைகளிலிருந்து இன்றுவரை ஓயவில்லை. பெட்ரோலை முழுதும் ஆவியாக்கி அனுப்புவதே அதன் கருத்து. ஒழுங்காக இயங்கும் எஞ்சினில் எரியாமல் வெளியேறும் பெட்ரோல் மிகச் சில விழுக்காடுதான். ஆவியாக்கி மீட்கக்கூடியதும் அதற்கு மேல் இல்லை. ஆற்றலின் பெரும்பகுதி போவது ரேடியேட்டர் சூட்டிலும் புகைச் சூட்டிலும். அதைக் கார்புரேட்டர் தொடவே முடியாது. அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை நூற்றுக்கும் மேற்பட்ட மைலேஜ் கருவிகளை ஆராய்ந்தும் குறிப்பிடத்தக்க பயன் தந்த ஒன்றைக் காணவில்லை. குடும்பச் செலவுக்கு எண்ணிக் கொடுக்கும் பணத்தை இத்தகைய வாக்குறுதிகளில் இழக்கும் எளிய மனிதர்களை நினைத்தே இதை அழுத்திச் சொல்கிறேன்.

தேர்ந்தெடுத்ததை அளந்து திருத்துவதற்கு மேனிஃபோல்டில் இணைக்கும் ஒரு வெற்றிட மானி போதும். முதலில் மிதவை மட்டத்தைச் சரிசெய்ய வேண்டும்; பிறகு ஐடில் திருகுகளை மானி அதிகபட்சம் காட்டும் இடத்தில் நிறுத்த வேண்டும். அடுத்து, ஒரே பெட்ரோல் நிலையத்தில் ஒரே பம்பில் தொட்டியை நிரப்பி, வழக்கமான பாதையில் குறைந்தது இரண்டு தொட்டி ஓட்டிக் கணக்கெடுத்த பின்பே முதல் மாற்றத்தைச் செய்யலாம். ஒருமுறைக்கு ஓர் அளவு மட்டுமே ஊசியைத் தடிப்பாக்கி மீண்டும் இரண்டு தொட்டி ஓட்ட வேண்டும். சமதளத்தில் சீரான வேகத்தில் எஞ்சின் தயங்கி உந்தத் தொடங்கும் இடமே மெலிவின் எல்லை. அங்கிருந்து ஓர் அளவு பின்வாங்கிய ஊசியே அந்த வண்டிக்கு உரியது.